ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு

இதை எழுதும்போது என் மேசை மேல் ஒரு கேபிள் லாக் கிடக்கிறது. சைக்கிளைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுவோமே, அந்த மாதிரி பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய இரும்பு வடம், நுனியில் சின்னதாக ஒரு பூட்டு, கூடவே சாவி. எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது. ஊர்க் காவல் நிலையத்தில் யார் போய்க் கேட்டாலும் இலவசமாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று வாங்கி வந்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் பெற்றோரின் பொறுப்பு என்று பேசுகிறார்களே, அது என்ன, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, பள்ளியில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் ஒரு வீட்டுப் படுக்கையறை அலமாரிக்கும் என்ன சம்பந்தம் என்பதையெல்லாம் இந்தப் பூட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லண்ட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). டிராய், நோவி, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. இதே கவுண்டியின் வடக்கே ஆக்ஸ்ஃபோர்ட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2021 நவம்பர் 30ஆம் தேதி மதியம் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில், 15 வயது மாணவன் ஒருவன் கழிவறையிலிருந்து கைத்துப்பாக்கியோடு வெளியே வந்து சுட ஆரம்பித்தான். 14, 16, 17, 17 வயதில் நான்கு மாணவர்கள் இறந்துபோனார்கள். ஆசிரியர் ஒருவரோடு சேர்த்து ஏழு பேருக்குக் காயம். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் மற்ற பள்ளிகளுக்கும் மிரட்டல்கள் வந்து, பல பள்ளிகளை மூடிவிட்டார்கள். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகள், "இன்னைக்கு ஏம்ப்பா லீவு?" என்று கேட்டாள். பனி பெய்திருக்கும் என்று நினைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சுட்டவன் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவனுடைய பெற்றோரைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை விளக்க முடியாது. ஜேம்ஸ் கிரம்ப்ளி, ஜெனிஃபர் கிரம்ப்ளி. பள்ளியில் பிள்ளை நடத்திய கொலைகளுக்காக, அமெரிக்காவில் முதன்முதலாக மனித உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்தில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழுவான ஜூரியால் தண்டிக்கப்பட்ட பெற்றோர் இவர்கள்தான். அந்தக் கடைசி ஐந்து நாளில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை, நவம்பர் 26. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள், எல்லாக் கடைகளிலும் தள்ளுபடி. அப்பா, மகனையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போய் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். சனிக்கிழமை அம்மா மகனைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஷூட்டிங் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். அம்மாவும் பிள்ளையுமாகப் போய் அவனுடைய கிறிஸ்துமஸ் பரிசைச் சுட்டுப் பார்த்தோம் என்று இன்ஸ்டாகிராமில் போட்டார். திங்கட்கிழமை, பையன் வகுப்பில் உட்கார்ந்து ஃபோனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஆசிரியர் பார்த்துவிட, பள்ளியிலிருந்து அம்மாவுக்குத் தகவல் போனது. அம்மா மகனுக்கு அனுப்பிய செய்தி, எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை. கணக்குத் தாளில் ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டா, ரத்தம் வழியும் ஓர் உடல் என்று வரைந்து வைத்திருந்தான். பக்கத்தில், இந்த எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பள்ளி பெற்றோரை வரச் சொன்னது. பள்ளி ஆலோசகரோடு சந்திப்பு, மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடம். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகாமல் வேலைக்குத் திரும்பினார்கள். பள்ளியும் அவனை வகுப்புக்கே அனுப்பியது. நான்கு நாள் முன்னால்தான் ஒரு துப்பாக்கி வாங்கினோம் என்று அந்த அறையில் பெற்றோர் வாய் திறக்கவில்லை. அவனுடைய பையை யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. துப்பாக்கி அந்தப் பைக்குள்தான் இருந்தது.

12:51க்கு முதல் குண்டு. 1:22க்கு அம்மா மகனுக்குச் செய்தி அனுப்புகிறார், அப்படிச் செய்துவிடாதே என்று. 1:37க்கு அப்பா அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிட்டு, வீட்டில் துப்பாக்கியைக் காணோம், என் பையனாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்கிறார். பள்ளியில் ஏதோ நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவர் நேராக வீட்டுக்குத்தான் ஓடியிருக்கிறார், துப்பாக்கி இருக்கிறதா என்று பார்க்க. இந்த இடத்தை என்னால் எத்தனை முறை படித்தாலும் தாண்டிப் போக முடியவில்லை. மதியம் அவருக்குத் தோன்றிய அதே சந்தேகம் காலையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது தோன்றியிருந்தால், பையைத் திற என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, துப்பாக்கியை எங்கே வைத்திருந்தார்கள்? படுக்கையறை அலமாரியில் ஒளித்து வைத்ததாகவும், தோட்டாக்களை வேறு இடத்தில் ஜீன்ஸ் துணிகளுக்கு அடியில் வைத்ததாகவும் அப்பா தரப்பு சொன்னது. வீட்டில் இருந்த வேறு துப்பாக்கிகள் ஒரு சின்னப் பெட்டகத்தில் இருந்தன. அதன் ரகசிய எண், கம்பெனியிலிருந்து வந்தபடியே, மூன்று பூஜ்யம். கேபிள் லாக் ஒன்றும் வீட்டில் இருந்தது, உறை பிரிக்காமல். அப்பா மீதான வழக்கின் இறுதி வாதத்தில் அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்ட் அந்தத் துப்பாக்கியையும் ஒரு கேபிள் லாக்கையும் கையில் எடுத்து, ஜூரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டிக் காட்டினார். சுமார் பத்து விநாடி ஆனது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நிறையப் பேர், ஒளித்து வைப்பதையும் பூட்டி வைப்பதையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2023இல் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். கொரோனா காலத்தில் ஊரே பயந்து கிடந்தபோது அவரும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். பேச்சுவாக்கில், "எங்கண்ணா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மேல பீரோல, வேட்டி அடுக்கிக் கெடக்குல்ல, அதுக்கு அடியில. பசங்களுக்குத் தெரியாது தம்பி" என்றார். நானும் தலையாட்டிவிட்டு அடுத்த தோசைக்குப் போய்விட்டேன். திரும்பி வரும் வழியில், பின்சீட்டிலிருந்து என் மகள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அப்பா, அங்கிள்கிட்ட கன் இருக்கு. வெள்ளை வேட்டிக்குக் கீழ. நாங்க தொடலை, பாத்தோம் அவ்ளோதான்." அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, பின்னால் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தீபாவளிக்குச் செய்த அதிரசத்தை அம்மா எந்தப் பரணில், எந்த டப்பாவுக்குப் பின்னால் வைத்தார் என்று நமக்குத் தெரியாமல் இருந்ததா? பீரோ சாவி எந்த டப்பாவில் இருக்கும் என்று தெரியாத பிள்ளை உண்டா? பெரியவர்கள் வீட்டில் இல்லாத நேரம் பிள்ளைகளுக்கு நிறைய இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது, நம்மைவிட உயரமாக ஏறவும் தெரியும்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி இருக்கும் வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது என்று அடித்துச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகளில் 39 சதவீதம் பேர், எங்களுக்குத் தெரியும் என்றார்கள். என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்ற பெற்றோரின் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர், தொட்டிருக்கிறோம் என்றார்கள். 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பையன்கள் 64 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களாக ஓர் அறையில் விட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். அறையில் ஒரு டிராயருக்குள், சுட முடியாதபடி செய்யப்பட்ட நிஜத் துப்பாக்கி. 48 பேர் கண்டுபிடித்தார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையையே இழுத்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். அதனால், "சொல்லி வைத்திருக்கிறேன், என் பிள்ளை தொட மாட்டான்" என்பதை நம்பி வீட்டில் எதையும் விட்டு வைக்க முடியாது.

பள்ளிகளுக்கு வருவோம். அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ், பள்ளித் தாக்குதல்களையும் பல வருடமாக ஆராய்ந்து வருகிறது. 2008 முதல் 2017 வரை நடந்த 41 தாக்குதல்களைப் பற்றி 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் 25இல் துப்பாக்கி பயன்பட்டது. அந்த 25இல் 19, தாக்கியவனின் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுக்கப்பட்டவை. அதாவது நான்கில் மூன்று பங்கு. கள்ளச் சந்தை, மர்ம நபர் என்றெல்லாம் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். 15 வயதுப் பையனுக்கு இந்த நாட்டில் சட்டப்படி கைத்துப்பாக்கி விற்க மாட்டார்கள், அவன் கைக்கு அது வர ஒரு பெரியவர் நடுவில் இருந்தாக வேண்டும். அந்தப் பெரியவர் பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அதனால்தான் பள்ளி வாசலில் மெட்டல் டிடெக்டர் வைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வீட்டு அலமாரியைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன்.

பாதுகாப்பாக வைப்பது என்றால் என்ன என்பதற்கு எளிய விடை: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும், தோட்டா தனியாக இருக்க வேண்டும், அந்தத் தோட்டாவும் பூட்டியிருக்க வேண்டும். 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பிள்ளைகள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்வதையும் தவறுதலாகச் சுடுவதையும் குறைப்பதில் இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் பங்கு இருப்பதைக் காட்டியது.

பூட்டுகளில் சில வகை உண்டு. என் மேசையில் இருக்கும் கேபிள் லாக் வேலை செய்யும் விதம் இதுதான்: முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்ற வேண்டும். மேகசின் கழன்றதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அது ரொம்பத் தப்பு, குழலின் பின்பகுதியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். மேல்பகுதியைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, வடத்தை அந்தத் திறப்பின் வழியாக விட்டு, மேகசின் போகும் துவாரத்தின் வழியாக வெளியே எடுத்து, இரு முனையையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இப்போது மேகசினை உள்ளே போட முடியாது, மேல்பகுதி மூடவும் மூடாது, சுடவே முடியாது. ட்ரிகர் லாக் என்பது விசையைச் சுற்றி மாட்டுவது. தோட்டா போட்ட துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது, மாட்டும்போதே வெடித்துவிடக்கூடும். இந்த இரண்டும் பிள்ளைகளைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது, வடத்தை வெட்டிவிடலாம். திருட்டையும் தடுக்க வேண்டும் என்றால் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய கனமான பெட்டகம்தான் வழி.

ராத்திரி திருடன் வந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிலருகே வைக்கும் சின்ன எண்பூட்டுப் பெட்டியும், விரல்ரேகைப் பெட்டியும் அவர்களுக்காகத்தான். சில விநாடியில் திறக்கும். ஆனால் விரல்ரேகைப் பெட்டி வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. 2023இல் ஏறக்குறைய 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள், பதிவு செய்யாத விரலுக்கும் திறந்துகொண்டதால். ஒரு 12 வயதுச் சிறுவன் இறந்ததாகவும் புகார் இருந்தது. வாங்கியதும் முதல் வேலையாக விரல்ரேகையைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் மற்றவர்கள் விரலை வைத்துத் திறக்கிறதா என்று சோதியுங்கள். எண்பூட்டு என்றால் கம்பெனி எண்ணை மாற்றுங்கள். பிள்ளையின் பிறந்த தேதியையோ வீட்டு எண்ணையோ போடாதீர்கள், ஐபேட் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு நிமிட வேலை. சாவி என்றால் அது உங்கள் உடம்போடு இருக்கட்டும். சாவியை ஒளித்து வைத்தால் மறுபடி அந்த வேட்டிக்கு அடியில் வைத்த கதைதான்.

இனி சட்டம். இது பலருக்கும் குழப்பமாக இருக்கிறது, பிள்ளை செய்ததற்கு அப்பா அம்மாவை எப்படி உள்ளே தள்ளலாம் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பொதுவாகச் சட்டம் அப்படிச் செய்யாது. நான் தெருவில் நிறுத்திய காரை யாரோ திருடிக்கொண்டு போய் ஒருவரை இடித்துக் கொன்றால் அது என் குற்றமாகாது. நடுவில் இன்னொருவர் தன் இஷ்டப்படி ஒரு குற்றம் செய்துவிட்டார், என் செயலுக்கும் அந்த மரணத்துக்கும் இருந்த சங்கிலி அறுந்துவிட்டது. ஆனால் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு நிற்கிறவன் கேட்டான் என்று நானே சாவியைக் கையில் கொடுத்தால்? என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே சங்கிலி அறுவதில்லை.

கிரம்ப்ளி வழக்கில் 2023 மார்ச்சில் மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்தது இதைத்தான். பையன் வேண்டுமென்றே செய்தான் என்பது உண்மை, ஆனால் பெற்றோருக்குத் தெரிந்திருந்த விஷயங்களை வைத்துப் பார்த்தால் அது எதிர்பார்க்கக்கூடியதாகவே இருந்தது, எனவே ஜூரி விசாரிக்கட்டும் என்றது. இவை வழக்கத்துக்கு மாறான சூழ்நிலைகள் என்பதையும் கவனமாகக் குறிப்பிட்டது. பையன் முந்தைய வசந்த காலத்திலேயே வீட்டில் பேய் நடமாடுவதாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். உதவி கேட்டும் பெற்றோர் காதில் வாங்கவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கிறான்.

அரசு வைத்த குற்றச்சாட்டு, கொல்லும் நோக்கம் இல்லாமல் மரணத்துக்குக் காரணமானது, நான்கு உயிருக்கு நான்கு முறை. அதை நிரூபிக்க இரண்டு வழியை ஜூரி முன் வைத்தார்கள். ஒன்று, பெரும் அலட்சியம்: ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும், சாதாரணமாக எடுக்க வேண்டிய சின்ன நடவடிக்கையைக்கூட எடுக்காமல் விட்டது. இன்னொன்று, தன் பிள்ளை பிறருக்குத் தீங்கு செய்யாமல் தடுக்க வேண்டிய பெற்றோரின் கடமையைச் செய்யாதது. அம்மாவை 2024 பிப்ரவரி 6ஆம் தேதியும் அப்பாவை மார்ச் 14ஆம் தேதியும் குற்றவாளி என்று தனித்தனி ஜூரிகள் முடிவு செய்தன. ஏப்ரலில் ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறைத் தண்டனை. மோசமாகப் பிள்ளை வளர்த்ததற்கான தண்டனை இல்லை இது, திரும்பத் திரும்பக் கிடைத்த வாய்ப்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கானது என்று நீதிபதி ஷெரில் மேத்யூஸ் தெளிவாகச் சொன்னார்.

அம்மாவின் விசாரணையில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. துப்பாக்கியைப் பத்திரப்படுத்துவது கணவரின் பொறுப்பு, எனக்கு அதில் பழக்கமில்லை என்று அவர் சாட்சி சொன்னார். ஆனால் சனிக்கிழமை ரேஞ்சிலிருந்து அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். துப்பாக்கியைக் கடைசியாக வைத்திருந்த பெரியவர் அவர் என்பதே தங்கள் முடிவை உறுதிப்படுத்தியது என்று ஜூரித் தலைவி பின்னால் சொன்னார். அது அவர் டிபார்ட்மெண்ட் என்று நம் வீடுகளிலும் சொல்வோமே. துப்பாக்கி விஷயத்தில் அப்படி ஒரு டிபார்ட்மெண்ட் கிடையாது, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் அது பூட்டியிருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சுற்றி வளைத்து வழக்கு நடத்த வேண்டி வந்ததற்கு ஒரு காரணம், அப்போது மிச்சிகனில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே இல்லை. கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் கூடவே ஒரு பூட்டும் தர வேண்டும் என்று 2005இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. வாங்கியவர் அதைப் போட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதனால்தான் உறை பிரிக்காத பூட்டு. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று முதலில் சட்டம் போட்ட மாநிலம் ஃப்ளோரிடா, 1989இல். மிச்சிகனில் 2024 பிப்ரவரி 13 முதல்தான் அமல். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் இருக்கக்கூடிய, வரக்கூடிய இடத்தில் துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டு வைப்பது சட்ட மீறல். அதைப் பிள்ளை எடுத்து யாராவது இறந்தால் 15 ஆண்டு வரை சிறை. வரக்கூடிய என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்குப் பிள்ளையே இல்லாமல் இருக்கலாம், கொலு பார்க்க வரும் பிள்ளைகளும் கணக்கில் உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு நிறைய. ஜார்ஜியாவில் 2024 செப்டம்பரில் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் நால்வர் இறந்த வழக்கில், 14 வயது மகனுக்குத் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்த அப்பா மீது இரண்டாம் நிலைக் கொலைக் குற்றச்சாட்டே பதிவானது. டெக்சாஸில் 2018இல் சான்டா ஃபே பள்ளியில் 10 பேர் இறந்தார்கள். இழப்பீடு கேட்டு நடந்த வழக்கில், பெற்றோர் பொறுப்பில்லை என்று 2024இல் ஜூரி சொல்லிவிட்டது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. அது வருவது எல்லாம் முடிந்த பிறகு.

பள்ளியை முழுக்க விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பள்ளி நிர்வாகமும் தவறியது என்று 2023இல் வெளியான தனி விசாரணை அறிக்கை சொன்னது. இறந்த பிள்ளைகளின் பெற்றோர் அதைத்தான் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை திடீரென்று ஒடுங்கிப் போகிறது, தூங்குவதில்லை, சாவைப் பற்றிப் பேசுகிறது அல்லது வரைகிறது, யாரையாவது பழிவாங்குவேன் என்கிறது என்றால் பூட்டுகூடப் போதாது. துப்பாக்கியைக் கொஞ்ச காலத்துக்கு வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். சட்டத்துக்கு உட்பட்டு உறவினரிடம் கொடுக்கலாம், சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைத்துக்கொள்கின்றன, போன் செய்து கேட்டால் சொல்வார்கள். பள்ளியில் போய்ச் சுடுகிற பிள்ளைகள் மிகச் சிலர். ஆனால் மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் தன்னையே சுட்டுக்கொள்கிற பிள்ளைகள் அதைவிட எத்தனையோ மடங்கு. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை, வேறு வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டவிடுவதுதான் பூட்டு செய்யும் வேலை. அமெரிக்காவில் எந்த நேரமும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம். நம் ஆட்கள் நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குவார்கள், தயவுசெய்து தயங்காதீர்கள்.

பிள்ளைகளிடமும் பேசி வையுங்கள். சீக்ரெட் சர்வீஸ் 2021இல், நடக்காமல் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களை ஆராய்ந்தது. பெரும்பாலும் யாரோ ஒருவர் கேள்விப்பட்டதை வாய்விட்டுச் சொன்னதால் தடுக்கப்பட்டவை, அதிலும் முக்கியமாகக் கூடப் படிக்கிற பிள்ளைகள். மிச்சிகனில் ஓகே2சே என்று ஒரு ரகசியத் தகவல் சேவையே இருக்கிறது, பெயர் சொல்லாமல் சொல்லலாம். காரில் வந்து அன்றைக்கு என் மகள் சொன்னாளே, அதுதான். அவளை நான் திட்டியிருந்தால் அடுத்த முறை சொல்லியிருக்க மாட்டாள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, விடிந்ததும் நண்பரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம், "வேட்டிக்கு அடியிலன்னே சொன்னாளா தம்பி?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே எண்பூட்டுப் பெட்டி ஒன்று வாங்கி, சுவரில் இறுக்கிவிட்டுப் படம் அனுப்பினார்.

அதிலிருந்து பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். முதல் முறை வாய் வரவில்லை, விருந்துக்குக் கூப்பிட்டவரைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, அலர்ஜி, நாய், நீச்சல் குளம் பற்றிக் கேட்பதோடு சேர்த்துக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இதுவரை ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒருவர், ஆமாம் இரண்டு இருக்கின்றன, பெட்டகத்தில், எண் எனக்கு மட்டும்தான் தெரியும், கேட்டதற்கு நன்றி என்று பதில் போட்டார். இன்னொருவர், இருக்கிறது ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றார். அவருடைய மகளை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை ஒரு பிறந்தநாள். ராத்திரி அங்கேயே தங்கல். அந்த வீட்டு அம்மாவுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன்: "இவளுக்கு முந்திரி ஆகாது. நாய் என்றால் கொஞ்சம் பயம். அப்புறம், எல்லா வீட்டிலும் கேட்பதுதான், உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டியிருக்கிறதா? பூட்டு வேண்டும் என்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்." இப்போதுதான் அனுப்பினேன்.